ஜேவிஎம்முக்குள் எட்டிப் பார்க்க: ப்ரோப், ஜேஎஃப்ஆர், எக்ஸ்லாக் – எதை எப்போது எடுப்பது?

லினக்ஸ் சர்வரில் ஒரு ஜாவா சர்வீஸ் ஓடுகிறது. பெரும்பாலான கோரிக்கைகளுக்கு 40 மில்லிசெகண்டில் பதில் போய்விடுகிறது. நூற்றில் ஒன்று மட்டும் 600-ஐத் தொடுகிறது. கோட் மாறவில்லை. டேட்டாபேஸ் பக்கம் எந்தக் குறையும் தெரியவில்லை. இனி ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் இயந்திரமான ஜேவிஎம்முக்குள்தான் பார்த்தாக வேண்டும். அதற்கு ஜேவிஎம்மோடு கூடவே வரும் வழிகள் மூன்று: கோடுக்குள் முன்பே பதித்து வைத்த கவனிப்புப் புள்ளிகளான யுஎஸ்டிடி ப்ரோப்கள், நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஜேஎஃப்ஆர் (ஜேடிகே ஃப்ளைட் ரெக்கார்டர்), ஜேவிஎம்மின் சொந்த லாகிங்கான எக்ஸ்லாக். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்து, பழகிய ஒன்றையே எல்லாவற்றுக்கும் எடுப்பதால்தான் பலரும் நாள்கணக்கில் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தேர்வு செய்ய இரண்டு கேள்விகள் போதும். தேடும் விடை ஜேவிஎம்முக்குள்ளேயே முடிகிறதா, அல்லது ஜேவிஎம்மும் கெர்னலும் சந்திக்கும் இடத்தில் கிடக்கிறதா? பார்க்க நினைக்கும் நிகழ்வு நொடிக்கு எத்தனை முறை நடக்கிறது? முதல் கேள்விக்கான பதில் கருவியைச் சொல்லும். இரண்டாவது, அந்தக் கருவியை ப்ரொடக்‌ஷனில் போடலாமா என்று சொல்லும்.

இங்கே பேசுவதெல்லாம் ஓப்பன்ஜேடிகேயின் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மைப் பற்றியது. ஓப்பன்ஜே9 வேறு இயந்திரம். கிரால்விஎம்மில் நேட்டிவ் இமேஜாகக் கட்டிய ப்ரோகிராமில் ஜேவிஎம்மின் நூலகமான லிப்ஜேவிஎம் கோப்பே இருக்காது. ஹாட்ஸ்பாட் ப்ரோப்களும் இருக்காது.

ப்ரோப் எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது

ஓடும் ப்ரோகிராமை அலசும் டிட்ரேஸ் என்ற கருவி 2005-ல் சோலாரிஸ் 10 இயங்குதளத்துடன் வந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஜாவா 6, ஹாட்ஸ்பாட்டின் உள்ளேயே அதற்கான ப்ரோப்களைப் பதித்து வைத்தது. சோலாரிஸ் ஆதரவை ஜேடிகே 15-ல் எடுத்துவிட்டார்கள். ப்ரோப்கள் மட்டும் தங்கிவிட்டன, ஏனென்றால் அதே இடங்களை லினக்ஸில் சிஸ்டம்டேப் வடிவத்தில் பில்ட் செய்ய முடிகிறது. இன்று பிபிஎஃப்ட்ரேஸ், பிசிசி போன்ற கருவிகள் அவற்றைப் படிக்கின்றன.

லிப்ஜேவிஎம் கோப்பில் ஒவ்வொரு ப்ரோப் இடத்திலும் ஒன்றும் செய்யாத ஒரு நாப் கட்டளை இருக்கும். அதன் முகவரியும், ப்ரோப் தரும் மதிப்புகள் எந்த ரெஜிஸ்டரில் அல்லது நினைவிடத்தில் கிடைக்கும் என்ற விவரமும் அதே கோப்பின் குறிப்புப் பகுதியில் பதிந்திருக்கும். யாரும் கவனிக்காதபோது செலவு அந்த ஒரு நாப்தான். பிபிஎஃப்ட்ரேஸ் வந்து ஒட்டிக்கொண்டதும் கெர்னல் அந்த நாப்பின் இடத்தில் ஒரு பிரேக்பாயிண்ட்டை வைக்கிறது. அதன் பிறகு அந்த இடத்தை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சிபியு கெர்னலுக்குள் போய், நாம் எழுதிய சிறு ப்ரோகிராமை ஓட்டிவிட்டுத் திரும்புகிறது. இந்தப் போக்குவரத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோசெகண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் ப்ரோப்களைப் பற்றிய பாதி முடிவுகள் தானாக வந்துவிடும்.

முதலில், கையிலுள்ள ஜேடிகேயில் ப்ரோப்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில்ட் செய்த இயந்திரத்தில் சிஸ்டம்டேப்பின் எஸ்டிடி ஹெடர் கோப்பு இல்லாமலோ, டிட்ரேஸ் வசதி அணைக்கப்பட்டோ இருந்தால் அவை சேர்ந்திருக்காது. லிப்ஜேவிஎம் கோப்பின் மீது ரீட்எல்ஃப் கட்டளையைக் குறிப்புகள் காட்டும் -என் விருப்பத்தோடு ஓட்டுங்கள். ஸ்டாப்எஸ்டிடி என்ற உரிமையாளர் பெயரும், கீழே ஹாட்ஸ்பாட், ஹாட்ஸ்பாட்_ஜேஎன்ஐ என்ற இரு ப்ரொவைடர் பெயர்களும் வரிசையாக வந்தால் ப்ரோப்கள் இருக்கின்றன. ஒன்றுமே வரவில்லையா? வேறு விநியோகத்தின் ஜேடிகேயைப் பாருங்கள், அல்லது டிட்ரேஸை இயக்கி நீங்களே பில்ட் செய்யுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கினால், ஏன் எதுவும் வரவில்லை என்று மணிக்கணக்கில் விழிக்க நேரும்.

ப்ரோப்கள் இரண்டு வகைப்படும். இந்த வேறுபாட்டில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. முதல் வகைக்கு எந்தக் கொடியும் (ஜேவிஎம்மைத் தொடங்கும்போது கொடுக்கும் ஃப்ளாக்) தேவையில்லை: ஜிசி (பயன்படாத ஆப்ஜெக்ட்களின் நினைவகத்தை மீட்கும் வேலை) தொடக்கமும் முடிவும், த்ரெட் தொடக்கமும் நிறுத்தமும், கிளாஸ் ஏற்றமும் இறக்கமும், ஜிட் (ஓட்டத்தின்போதே இயந்திரக் கோடாக மாற்றும் கம்பைலர்) கம்பைல் தொடக்கமும் முடிவும், சேஃப்பாயிண்ட் (எல்லா ஜாவா த்ரெட்டையும் நிறுத்திவைக்கும் நிலை), ஜேஎன்ஐ (ஜாவாவும் சி போன்ற நேட்டிவ் கோடும் பேசும் வழி) அழைப்புகள். ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்மில், ரீஸ்டார்ட் இல்லாமலே, இவற்றில் ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது வகைக்கு ஜேவிஎம் தொடங்கும்போதே கொடி கொடுக்க வேண்டும். மெத்தட் நுழைவு, வெளியேற்றத்துக்கு டிட்ரேஸ்மெத்தட்ப்ரோப்ஸ். ஆப்ஜெக்ட் ஒதுக்கீட்டுக்கு டிட்ரேஸ்அலாக்ப்ரோப்ஸ். மானிட்டர் பூட்டுக்கு டிட்ரேஸ்மானிட்டர்ப்ரோப்ஸ். மூன்றையும் ஒருசேர இயக்கும் எக்ஸ்டெண்டட்டிட்ரேஸ்ப்ரோப்ஸ் கொடியை ஜேடிகே 19-லேயே வழக்கொழிப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளும் பிசிசியின் ஜாவா கருவிகளுக்கான விளக்கங்களும் இன்னும் அதைத்தான் சொல்கின்றன. புதிதாக எழுதும்போது தேவையான ஒன்றை மட்டும் தனியாகக் கொடுங்கள். ப்ரோப் இல்லாமல் பில்ட் செய்த ஜேடிகேயில் இந்தக் கொடியைக் கொடுத்தால், இந்த அமைப்புக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டு ஜேவிஎம் கிளம்பாமலே நின்றுவிடும். ஆகவே பொதுவான ஸ்டார்ட் ஸ்கிரிப்டில் இதைப் போட்டு எல்லாச் சர்வருக்கும் அனுப்பாதீர்கள்.

மெத்தட் ப்ரோப்: கணக்குப் போட்டுவிட்டுத் தொடுங்கள்

ப்ரோப் என்றதும் எல்லோரும் முதலில் ஆசைப்படுவது மெத்தட் நுழைவு ப்ரோப்புக்குத்தான். எந்த மெத்தட் எத்தனை முறை அழைக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடுமே! சுறுசுறுப்பான ஒரு சர்வீஸ் நொடிக்கு 50 லட்சம் மெத்தட் அழைப்புகள் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்கு ஒரு மைக்ரோசெகண்ட் என்றால் நுழைவுக்கு மட்டுமே நொடிக்கு 5 சிபியு-நொடிகள். வெளியேற்றத்தையும் சேர்த்தால் 10. எட்டு கோர் இயந்திரம் மூச்சுத் திணறிவிடும். அப்போது அளவில் தெரிவது சர்வீஸின் நடத்தை அல்ல, அளக்கும் கருவியின் எடை.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. மெத்தட் கொடியை இயக்கிய ஜேவிஎம்மில், யாரும் ப்ரோப்பை ஒட்டாவிட்டாலும் செலவு உண்டு. கொடி இருந்தால் இன்டர்ப்ரெட்டரும் ஜிட் உருவாக்கும் கோடும் ஒவ்வொரு மெத்தட்டின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் ரன்டைமில் உள்ள ஒரு செயற்கூறை அழைக்கும். நாப் அந்தச் செயற்கூறுக்குள்தான் இருக்கிறது. இரண்டு கட்டளைகளில் முடிந்திருக்க வேண்டிய ஒரு சின்ன கெட்டர், ஜிட்டால் இன்லைன் ஆன (அழைக்கும் இடத்திலேயே கரைக்கப்பட்ட) பின்னும் இந்த இரண்டு அழைப்புகளைச் சுமந்துகொண்டே ஓடும். “கொடியைப் போட்டு வைப்போம், தேவைப்படும்போது ஒட்டிக்கொள்வோம்” என்பது முதல் வகை ப்ரோப்களுக்குச் சரி, அவற்றுக்குக் கொடியே வேண்டாம். இரண்டாவது வகைக்கு இது மிகவும் விலை கூடிய யோசனை.

ஒதுக்கீட்டு ப்ரோப்பும் இதே கதைதான். மானிட்டர் ப்ரோப் ஓரளவு தாங்கும், ஏனென்றால் பூட்டுக்குப் போட்டி வரும்போதும், காத்திருப்பு, அறிவிப்பு நடக்கும்போதும் மட்டுமே அது மிதிபடும். ஆனால் அது பார்ப்பது சிங்க்ரனைஸ்ட் பூட்டுகளை மட்டுமே. ஜாவா.யூட்டில்.கன்கரன்ட் தொகுப்பின் ரீஎன்ட்ரன்ட்லாக் இதில் தென்படாது. கனெக்‌ஷன் பூல் நூலகங்கள் பலவும் இரண்டாவது வகைப் பூட்டைத்தான் நம்புகின்றன. மானிட்டர் ப்ரோப்பில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து, பூட்டுப் போட்டியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ப்ரோப் மட்டுமே விடை சொல்லும் இடம்

அப்படியானால் ப்ரோப் எதற்கு? கீழே வரும் நிலையைப் பாருங்கள்.

ஜிசி லாக்கில் ஒரு வரி: யூசர் 0.05 நொடி, சிஸ் 0.01 நொடி, ரியல் 0.62 நொடி. முதல் இரண்டும் ப்ரோகிராமிலும் கெர்னலிலும் செலவான சிபியு நேரம், ரியல் என்பது கடிகார நேரம். பல த்ரெட்கள் சேர்ந்து வேலை செய்யும் ஜிசியில் யூசர் நேரம் ரியலைவிட அதிகமாக இருப்பதுதான் வழக்கம். இங்கே தலைகீழ். அதாவது ஜிசி வேலை செய்யவில்லை; எதற்கோ காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. எதற்கு? எக்ஸ்லாக்கும் ஜேஎஃப்ஆரும் இடைநிறுத்தம் நீண்டது என்று சொல்லும். காரணம் அவற்றின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், கெர்னலுக்குள் இருக்கிறது.

பிபிஎஃப்ட்ரேஸில் மூன்று சிறு பகுதிகள் போதும். முதல் பகுதி ஜிசி தொடக்க ப்ரோப்பில் ஒட்டும்: யுஎஸ்டிடி என்ற சொல், முக்காற்புள்ளி, லிப்ஜேவிஎம்மின் முழுப் பாதை, முக்காற்புள்ளி, ஹாட்ஸ்பாட், முக்காற்புள்ளி, ப்ரோப்பின் பெயர். டிட்ரேஸ் ஆவணங்களில் ஜிசி-பிகின் என்று ஒரு சிறு கோட்டோடு எழுதப்படும் பெயர், லினக்ஸில் இரண்டு அடிக்கோடுகளோடு வரும். இதில் தடுக்கி விழாதவர் குறைவு. இந்தப் பகுதியில் ப்ராசஸ் எண்ணைச் சாவியாக வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பகுதி கெர்னலின் ஷெட்_ஸ்விட்ச் ட்ரேஸ்பாயிண்ட்டில் (சிபியுவில் த்ரெட் மாறும் ஒவ்வொரு முறையும் மிதிபடும் இடம்): அந்தச் சாவி இருந்து, சிபியுவை விட்டு இறங்கும் த்ரெட்டின் நிலை 2 ஆக இருந்தால், த்ரெட் பெயரையும் கெர்னல் ஸ்டாக்கையும் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற அடுக்கு) எண்ணிக்கையில் சேருங்கள். மூன்றாவது பகுதி ஜிசி முடிவு ப்ரோப்பில்: நேர வித்தியாசத்தை மில்லிசெகண்ட் ஹிஸ்டோகிராமில் போட்டுவிட்டுச் சாவியை அழித்துவிடுங்கள்.

நிலை 2 என்ற வடிகட்டி மிக முக்கியம். ஜிசி நேரத்தில் சும்மா உறங்கும் த்ரெட்கள் டஜன் கணக்கில் இருக்கும்; அவற்றின் ஸ்டாக்குகள் திரையை நிறைத்துவிடும். 2 என்பது இடையில் எழுப்ப முடியாத உறக்கம், பெரும்பாலும் டிஸ்க்குக்கான காத்திருப்பு. அதை மட்டும் எடுத்தால் திரையில் ஒன்றிரண்டு ஸ்டாக்தான் மிஞ்சும்.

அப்படி மிஞ்சுவது ஸ்வாப்பிலிருந்து பக்கத்தைத் திரும்ப வாங்கும் பாதையாக இருந்தால், ஹீப்பின் (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் நினைவகம்) ஒரு பகுதி ரேமை விட்டு வெளியே போயிருக்கிறது. கோப்பொன்றின் மேப் செய்த பக்கத்தில் எழுதப் போய், ஃபைல்சிஸ்டத்தின் ஜர்னலுக்காக நிற்கும் பாதையாக இருந்தால், சந்தேகப்பட வேண்டியது டிஎம்பி டைரக்டரியில் உள்ள எச்எஸ்பெர்ஃப்டேட்டா கோப்பை. ஜேஸ்டேட், ஜேபிஎஸ் போன்ற ஜேடிகே கருவிகள் படிப்பதற்காக ஜேவிஎம் தன் எண்ணிக்கைகளை அந்தக் கோப்பில் எம்மேப் வழியாக எழுதிக்கொண்டே இருக்கிறது, ஜிசியின்போதும் எழுதுகிறது. அது உண்மையான டிஸ்க்கில் இருந்து, அதே நேரத்தில் வேறு யாரோ பெரிய கோப்பொன்றை எழுதிக்கொண்டிருந்தால், நினைவில் எழுதுவது போலத் தெரியும் ஒரு சாதாரணக் கட்டளை டிஸ்க்குக்காக நின்றுவிடும். அப்போது எல்லா ஜாவா த்ரெட்டும் சேஃப்பாயிண்ட்டில் நிற்பதால் சர்வீஸ் முழுதும் நின்றுவிடும். தீர்வு இரண்டு: டிஎம்பியை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (ரேமிலேயே இருக்கும் ஃபைல்சிஸ்டம்) வைப்பது, அல்லது பெர்ஃப்டிஸேபிள்ஷேர்ட்மெம் கொடியைப் போடுவது. கொடியைப் போட்டால் ஜேபிஎஸ்ஸும் ஜேஸ்டேட்டும் அந்தப் ப்ராசஸைப் பார்க்காது. அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும். ரைட் கெர்னல் அழைப்பில் நிற்கும் ஸ்டாக் வந்தால் காரணம் ஜிசி லாக்கையே டிஸ்க்கில் எழுதுவதாக இருக்கலாம்; ஜேடிகே 17 முதல் எக்ஸ்லாக்குக்கு அசிங்க் முறை இருக்கிறது, அதை இயக்கினால் எழுதும் வேலை தனி த்ரெட்டுக்குப் போய்விடும்.

ஜிசி நொடிக்குச் சில முறைக்கு மேல் நடப்பதில்லை. ஆகவே ப்ரோப்பின் செலவு கணக்கிலேயே வராது. ஷெட்_ஸ்விட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கும், ஆனாலும் வடிகட்டி முதலிலேயே தள்ளிவிடுவதால் தாங்கும். குறைந்த எண்ணிக்கையில் நடக்கும் ஜேவிஎம் நிகழ்வு ஒன்று, அதன் இடைவெளியில் கெர்னலில் என்ன நடந்தது என்ற கேள்வி: ப்ரோப்களின் சொந்த நிலம் இதுதான்.

ப்ரோப் வேலையில் வழக்கமாக உடையும் இடங்கள்

ப்ரோப் தரும் கிளாஸ் பெயர், மெத்தட் பெயர், த்ரெட் பெயர் எதுவும் பூஜ்ஜியத்தில் முடியாது. முகவரி ஒரு ஆர்க்யுமெண்ட், நீளம் அடுத்த ஆர்க்யுமெண்ட். பிபிஎஃப்ட்ரேஸின் எஸ்டிஆர் செயற்கூறுக்கு முகவரியை மட்டும் கொடுத்தால், பெயருக்குப் பின்னால் நினைவகத்தில் கிடக்கும் குப்பையும் சேர்ந்து வரும். இரண்டையும் கொடுங்கள். மெத்தட் நுழைவு ப்ரோப்பில் வரிசை இப்படி: த்ரெட் எண், கிளாஸ் பெயர், அதன் நீளம், மெத்தட் பெயர், அதன் நீளம், சிக்னேச்சர், அதன் நீளம். கிளாஸ் பெயர் புள்ளிகளோடு அல்லாமல் சாய்கோடுகளோடு வரும். புள்ளி வைத்து வடிகட்டினால் எதுவும் பொருந்தாது. பழைய பிபிஎஃப்ட்ரேஸ் பதிப்புகள் சரத்தை 64 பைட்டில் வெட்டும். நீண்ட பேக்கேஜ் பெயர்களில் கடைசியில் உள்ள கிளாஸ் பெயரே காணாமல் போய்விடும். சரநீள அமைப்பை உயர்த்திவிட்டுத் தொடங்குங்கள்.

கன்டெய்னரில் ஓடும் ஜேவிஎம்முக்கு ஹோஸ்ட்டின் லிப்ஜேவிஎம் பாதையைக் கொடுத்தால் பிழைச் செய்தி வராது, நிகழ்வும் வராது. ஒட்டியது வேறு கோப்பில். ப்ராக் டைரக்டரியில் அந்தப் ப்ராசஸ் எண்ணின் கீழுள்ள ரூட் வழியாகப் பாதையைக் கொடுங்கள். இதே மௌனம் இன்னொரு விதத்திலும் வரும்: ஜேவிஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேக்கேஜ் அப்டேட் வந்து கோப்பை மாற்றியிருந்தால், ஓடும் ப்ராசஸ் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் புதியதில் ஒட்டுவீர்கள். ப்ராசஸின் மேப்ஸ் பட்டியலில் லிப்ஜேவிஎம்முக்குப் பக்கத்தில் நீக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரீஸ்டார்ட் செய்வதே நேரான வழி. ஒரே இயந்திரத்தில் பத்து ஜேவிஎம் ஒரே கோப்பைப் பகிர்ந்தால், ப்ராசஸ் எண்ணைக் குறிப்பிடாத ப்ரோப் பத்திலும் மிதிபடும்.

ஜாவா ஸ்டாக் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு படிகள். ஜிட் கோடில் ஃப்ரேம் பாயிண்டர் இருக்காது. ப்ரிசர்வ்ஃப்ரேம்பாயிண்டர் கொடி கொடுத்துத் தொடங்க வேண்டும். பெயர்களுக்கு, ஜேடிகே 17 முதல் லினக்ஸில், ஓடும் ஜேவிஎம்முக்குக் கட்டளை அனுப்பும் ஜேசிஎம்டி கருவியின் கம்பைலர்.பெர்ஃப்மேப் கட்டளை டிஎம்பியில் ஒரு மேப் கோப்பை எழுதித் தரும். அது எழுதிய நொடியின் நிலை. ஜிட் பிறகு உருவாக்கும் கோட் அதில் இருக்காது. அளந்து முடிக்கும் தறுவாயில் எழுதுங்கள்.

இவை அனைத்துக்கும் ரூட் அனுமதி வேண்டும், அல்லது லினக்ஸ் 5.8 முதல் கிடைக்கும் கேப்_பிபிஎஃப், கேப்_பெர்ஃப்மான் அனுமதிகள். பல நிறுவனங்களில் பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஜேஎஃப்ஆர்: முதலில் எடுக்க வேண்டியது, ஆனால் அதன் வாசற்படி தெரிந்து

விடை ஜேவிஎம்முக்குள் இருக்கலாம் என்று தோன்றினால், எங்கள் கருத்தில் முதலில் ஜேஎஃப்ஆர்தான். ஜேடிகே 11-ல் (2018) ஓப்பன்ஜேடிகேக்கு வந்தது. ஜேடிகே 8-க்கும் 8யு262 முதல் இருக்கிறது. ரூட் வேண்டாம், ரீஸ்டார்ட் வேண்டாம். ஜேவிஎம் ஓடும் அதே பயனராக ஜேசிஎம்டியில் ஜேஎஃப்ஆர்.ஸ்டார்ட் கொடுத்து, செட்டிங்ஸ் ப்ரொஃபைல், ட்யூரேஷன் 60 நொடி, கோப்புப் பெயர் என்று மூன்றைச் சொன்னால் போதும். டீஃபால்ட் அமைப்பின் கூடுதல் சுமை 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே இதை வடிவமைத்தபோது வைத்த இலக்கு. ஆகவே எப்போதும் ஓடவிட்டு, சிக்கல் வரும்போது கடைசிச் சில நிமிடங்களை மட்டும் டம்ப் எடுப்பதே நல்ல பழக்கம்.

அந்த 1 சதவீதம் எங்கிருந்து வருகிறது? எல்லாவற்றையும் பதியாமல் விடுவதிலிருந்து. ஜேடிகே 17, 21 பதிப்புகளின் டீஃபால்ட் அமைப்பில், பூட்டுக்காகக் காத்திருப்பது, த்ரெட் பார்க், கோப்பு வாசிப்பு, சாக்கெட் வாசிப்பு எல்லாம் 20 மில்லிசெகண்டைத் தாண்டினால் மட்டுமே பதிவாகும். ப்ரொஃபைல் அமைப்பில் 10. ஒரு கோரிக்கை ஒரே பூட்டில் 15 முறை நின்று, ஒவ்வொரு முறையும் 15 மில்லிசெகண்ட் காத்திருந்தால் மொத்தம் 225 மில்லிசெகண்ட் போகிறது. டீஃபால்ட் பதிவில் அதன் தடம் ஒரு வரிகூட இருக்காது. பதிவைத் திறந்து பூட்டு நிகழ்வு பூஜ்ஜியம் என்று கண்டு, பூட்டுச் சிக்கல் இல்லை என்று எழுதிய அறிக்கைகள் எத்தனையோ. ஜேடிகே 17 முதல் ஜேஎஃப்ஆர்.ஸ்டார்ட் வரியிலேயே ஜேடிகே.ஜாவாமானிட்டர்என்டர் நிகழ்வின் த்ரெஷோல்டை 1 மில்லிசெகண்டுக்கு இறக்கலாம். சில நிமிடங்களுக்கு மட்டும் இறக்குங்கள். ஜேடிகே.த்ரெட்பார்க்கையும் சேர்த்து இறக்குங்கள். மானிட்டர் ப்ரோப்பின் கண்ணுக்குத் தப்பிய ரீஎன்ட்ரன்ட்லாக் இங்கே பிடிபடும்.

ஸ்டாக் ஆழம் வழக்கமாக 64 ஃப்ரேம். ஃப்ரேம்வொர்க்குகள் அடுக்கடுக்காக இருக்கும் சர்வீஸில் 64 போதாது. அடிப்பகுதி வெட்டுப்பட்டு, எந்தக் கோரிக்கையிலிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகும். ஃப்ளைட்ரெக்கார்டர்ஆப்ஷன்ஸில் ஸ்டாக்டெப்த்தை 128 அல்லது 256 ஆக்குங்கள். இதைத் தொடங்கும்போதே கொடுப்பது நல்லது. சிபியு சாம்பிள் டீஃபால்ட்டில் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. 5 மில்லிசெகண்டில் முடியும் ஒரு கோரிக்கையைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லாது, ஆயிரம் கோரிக்கைகளின் கூட்டுப் படத்தை மட்டுமே தரும்.

குறிப்பிட்ட ஒரு மெத்தட் எத்தனை முறை ஓடியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு, ஜேடிகே 25 நேரடியான பதில் வைத்திருக்கிறது. ஜேஎஃப்ஆரைத் தொடங்கும்போது மெத்தட்-டைமிங் அல்லது மெத்தட்-ட்ரேஸ் விருப்பத்தில் கிளாஸ் பெயர், இரண்டு முக்காற்புள்ளி, மெத்தட் பெயர் கொடுத்தால் போதும். முன்னது எண்ணிக்கையும் சராசரி நேரமும் தரும்; பின்னது ஒவ்வொரு அழைப்பையும் ஸ்டாக்கோடு பதியும். அந்த மெத்தட்டின் பைட்கோடை மட்டுமே மாற்றுவதால் மற்ற மெத்தட்களுக்குச் செலவே இல்லை. டிட்ரேஸ் மெத்தட் கொடி ஜேவிஎம் முழுவதையும் தண்டிப்பதோடு இதை ஒப்பிட்டால், மெத்தட் அளவிலான கேள்விக்கு ப்ரோப்பை எடுக்க ஜேடிகே 25-ல் காரணமே இல்லை. பாராமீட்டர்களின் மதிப்பு மட்டும் இதில் வராது. அது வேண்டுமென்றால் பிட்ரேஸ் போன்ற ஏஜென்ட் (ஜேவிஎம்முக்குள் ஏற்றும் துணை ப்ரோகிராம்) வழி. ஓடும் ஜேவிஎம்மில் ஏஜென்ட்டை ஏற்றினால் ஜேடிகே 21 முதல் எச்சரிக்கை வரும், எனேபிள்டைனமிக்ஏஜென்ட்லோடிங் கொடி அதை அனுமதிக்கும்.

எக்ஸ்லாக்: பலர் மறந்துபோவது

ஜேடிகே 9-ல் ஒருங்கிணைந்த இந்த லாகிங் வந்தபின், ஜிசியையும் சேஃப்பாயிண்ட்டையும் எப்போதும் எழுத வைக்காத ப்ரொடக்‌ஷன் ஜேவிஎம்முக்குச் சமாதானம் சொல்ல முடியாது. ஜிசி நட்சத்திரமும் (ஜிசியின் எல்லா உட்பிரிவுகளும்) சேஃப்பாயிண்ட்டும் சேர்த்து, 20 எம்பி அளவில் ஐந்து சுழற்சிக் கோப்புகள்: செலவு மிகச் சிறிது. ஓடும் ஜேவிஎம்மில்கூட ஜேசிஎம்டியின் விஎம்.லாக் மூலம் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

சேஃப்பாயிண்ட்டைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜிசி வரி காட்டும் இடைநிறுத்தத்தில், எல்லா த்ரெட்டும் நிற்கும் வரை காத்திருந்த நேரம் சேராது. சேஃப்பாயிண்ட் வரியில் ரீச்சிங் என்ற எண்ணும், அட் என்ற எண்ணும் நானோசெகண்டில் தனித்தனியே வரும். ஜிசி 8 மில்லிசெகண்ட் என்று காட்டி, ரீச்சிங் 400 மில்லிசெகண்ட் என்றால், ஜிசியைத் திருத்துவது வீண் வேலை. ஏதோ ஒரு த்ரெட் நிற்க மறுக்கிறது: சேஃப்பாயிண்ட் சோதனை இல்லாமல் கம்பைல் ஆன நீண்ட இன்ட் லூப், பெரிய அரே நகல், அல்லது மேப் செய்த கோப்பைத் தொட்டு டிஸ்க்குக்காக நிற்கும் த்ரெட். முதலாவது, ஜேடிகே 10-ல் வந்த லூப் ஸ்ட்ரிப் மைனிங்குக்குப் (நீண்ட லூப்பைத் துண்டாக்கி இடையிடையே சோதனை வைப்பது) பிறகு ஜி1 என்ற ஜிசியில் குறைந்துவிட்டது. மூன்றாவதாக இருந்தால் மறுபடியும் கெர்னல் எல்லைக்கு வந்துவிட்டோம். பிபிஎஃப்ட்ரேஸை எடுக்க வேண்டிய இடம்.

ஜிசி பற்றி ஒரு எச்சரிக்கை. ஜிசி தொடக்க, முடிவு ப்ரோப்கள் உலகத்தை நிறுத்திச் சேகரிக்கும் ஜிசிகளுக்காக வைத்தவை. இசட்ஜிசி (ZGC) என்ற ஜிசி தன் வேலையின் பெரும்பகுதியைச் சர்வீஸோடு சேர்ந்தே செய்கிறது. அதை இந்த ப்ரோப்பால் அளக்க முயலாதீர்கள், எக்ஸ்லாக்கையும் ஜேஎஃப்ஆரையும் நம்புங்கள்.

அசிங்க்-ப்ரொஃபைலர்

சிபியு எங்கே போகிறது என்பது மட்டும் கேள்வி என்றால், ஜேவிஎம்மோடு வராமல் வெளியிலிருந்து வருவதாயினும் அசிங்க்-ப்ரொஃபைலரை எடுப்பதில் தயங்க வேண்டாம். ஜாவா, நேட்டிவ், கெர்னல் மூன்றின் ஃப்ரேம்களும் ஒரே ஃப்ளேம் கிராஃபில் வரும். கெர்னல் ஃப்ரேம்களுக்கு பெர்ஃப்_ஈவென்ட்_பாரனாய்டு மதிப்பு 1 அல்லது குறைவாக இருக்க வேண்டும். ஜேவிஎம்முக்கு டீபக்நான்சேஃப்பாயிண்ட்ஸ் கொடியைக் கொடுத்தால் இன்லைன் ஆன மெத்தட்கள் சரியான பெயரில் விழும்.

உங்கள் நிலைமைக்கு எது

ஜேடிகே 17 அல்லது 21, ரூட் இல்லை, குபர்னெடீஸ் பாடுக்குள் ஓடுகிறது: எக்ஸ்லாக் எப்போதும், ஜேஎஃப்ஆர் எப்போதும், த்ரெஷோல்டை இறக்கிய சிறு பதிவுகள் தேவைப்படும்போது. தொடக்கத்தில் சொன்ன 600 மில்லிசெகண்ட் வகைச் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலேயே பிடிபடும். ரியல் நேரம் யூசரையும் சிஸ்ஸையும் கூட்டினாலும் எட்டாத ஜிசி வரி கண்ணில் பட்டால் மட்டும், நோடில் ரூட் உள்ளவரை அழைத்து ப்ரோப் ஸ்கிரிப்ட்டை அங்கிருந்து ஓட்டச் சொல்லுங்கள்.

சொந்த இயந்திரம், ரூட் இருக்கிறது, ஜேஎன்ஐ வழியாக சி நூலகம் ஒன்றை நிறைய அழைக்கும் சர்வீஸ்: ஹாட்ஸ்பாட்_ஜேஎன்ஐ ப்ரோப்கள் இங்கே தனிப் பயன் தரும். நேட்டிவ் கோட் ஜேவிஎம்முக்குத் திரும்பி என்னென்ன கேட்கிறது என்பதை, கொடி எதுவுமின்றி, செயற்கூறு வாரியாக எண்ணலாம். கெட்ஃபீல்ட்ஐடி போன்ற தேடும் அழைப்புகள் ஒவ்வொரு கோரிக்கையிலும் வந்தால், ஒருமுறை தேடி எடுத்து வைத்துக்கொள்ளாமல் மீண்டும் மீண்டும் தேடுகிறார்கள் என்று அர்த்தம். எண்ணிக்கையை ஒரு நிமிடம் எடுத்தாலே போதும்.

ஜேடிகே 8-ல் சிக்கிக்கொண்டவர்களுக்கு: 8யு262-க்கு முந்தைய பதிப்பு என்றால் முதலில் அதை உயர்த்துங்கள், ஜேஎஃப்ஆர் கிடைக்கும். எக்ஸ்லாக் அதில் இல்லை. பிரின்ட்ஜிசிடீடெயில்ஸோடு பிரின்ட்ஜிசிஅப்ளிகேஷன்ஸ்டாப்ட்டைம் கொடியையும் சேர்த்துப் போட்டால், மொத்த நிறுத்த நேரமும் த்ரெட்களை நிறுத்தப் பிடித்த நேரமும் தனித்தனியாக வரும்.

மெத்தட் ப்ரோப்பை எடுத்தே ஆக வேண்டிய ஒரு சூழல் மிஞ்சுகிறது: ஜேடிகே 25-க்கு முந்தைய பதிப்பு, ஏஜென்ட் போட அனுமதி இல்லை, ஒரு மெத்தட் நுழைவுக்கும் ஒரு கெர்னல் நிகழ்வுக்கும் உள்ள தொடர்பு தெரிய வேண்டும். அப்போதும் ப்ரொடக்‌ஷனில் அல்ல. சோதனை இயந்திரத்தில், சுமையை நூறில் ஒரு பங்காகக் குறைத்து, கிளாஸ் பெயரை வைத்து வடிகட்டி ஓட்டுங்கள். நொடிக்கு 50,000 அழைப்புகள் என்றால், நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் சேர்த்து ஒரு கோரின் பத்தில் ஒரு பங்கு போகும். வடிகட்டி கெர்னலுக்குள் போன பிறகே வேலை செய்வதால் பிரேக்பாயிண்ட்டின் செலவை அது குறைக்காது, திரையில் கொட்டும் வெளியீட்டை மட்டுமே குறைக்கும். ஓட்டம் முடிந்ததும் கொடியை எடுத்துவிட்டு, ஜேசிஎம்டியின் விஎம்.ஃப்ளாக்ஸ் வெளியீட்டில் அது இல்லை என்று பார்த்த பிறகே அந்த இயந்திரத்தில் அடுத்த அளவீட்டைத் தொடங்குங்கள்.